காருக்குத் தெரியக்கூடாது

கிளுவங்காட்டில் சென்னியப்பனின் கார் இஞ்சின் இல்லாமல் நாற்பத்தோரு நாள் ஓடியது. ஊருக்கு அதில் பெரிய ஆச்சரியம் இருந்தது என்று சொல்ல முடியாது. கவலைதான் இருந்தது. இஞ்சின் இல்லை என்கிற விஷயம் காருக்குத் தெரிந்துவிடக்கூடாதே என்கிற கவலை.

வெள்ளை அம்பாசிடர், டீசல் வண்டி. சென்னியப்பனும் அவர் மனைவி வேலாத்தாளும் நான்கு எருமைகளை விற்று வாங்கியது. பொள்ளாச்சி பெரிய ஆஸ்பத்திரிக்குப் பதினெட்டு கிலோமீட்டர், பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. அதனால் முப்பது வருஷமாக அந்த ஊரில் பிறந்தவர்களில் பாதிப்பேர் அந்தக் காரில் போய்ப் பிறந்தவர்கள். பொறுமையில்லாத மூன்று பேர் காருக்குள்ளேயே பிறந்தவர்கள். அந்த மூன்று பேரும் வளர்ந்து மீசை வைத்த பிறகும், நிற்கிற காரைத் தாண்டிப் போகும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் போவார்கள்.

அந்த வருஷம் சித்திரைக் கடைசியில் அதன் இஞ்சினின் இரும்புக் கூடான பிளாக் விரிசல் விட்டது. வயசுதான் காரணம், வேறு குற்றம் சொல்ல எதுவுமில்லை. ஒர்க்‌ஷாப் சிக்கந்தர் விரிசலில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, இனிமேல் பற்ற வைத்துப் பிரயோசனமில்லை, வேறொரு காரிலிருந்து நல்ல இஞ்சினாகப் பார்த்து மாற்ற வேண்டியதுதான் என்று தனக்குள் முடிவு செய்துகொண்டார்.

சிக்கந்தரிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்த வண்டியிலிருந்து இஞ்சினை இறக்கினாலும், கடைசி போல்ட்டைக் கழற்றியதும் கையைத் துடைத்துக்கொண்டு பானெட்டை மூன்று முறை தட்டி, "எடுக்கப் போறோம், வேற ஒண்ணு வெப்போம், பயந்துக்காத" என்று சொல்வார். சொன்ன பிறகுதான் இஞ்சினைத் தூக்குகிற செயின் பிளாக்கை இழுப்பார். அவர் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து ஒரு டிராக்டருக்குக்கூடச் சொல்லாமல் இறக்கியதில்லை. ஆனால் அன்றைக்கு வெள்ளிக்கிழமை. கடைசி போல்ட் ஒரு மணி நேரம் பிடிவாதம் பிடித்தது, பள்ளிவாசலில் பாங்கும் சொல்லிவிட்டார்கள். அவர் அவசர அவசரமாக இஞ்சினைத் தூக்கித் தொங்கவிட்டு, காரைத் தள்ளி வேப்பமரத்தடியில் நிறுத்தி, பானெட்டை மூடிவிட்டுத் தொழுகைக்கு ஓடினார். காரிடம் சொல்ல மறந்துபோனார்.

அந்த நேரம் பார்த்துப் பால் சொசைட்டிக்காரர் மருமகளுக்கு வலி எடுத்தது. ஏதோ சின்ன ரிப்பேர், பாய் இந்நேரம் முடித்து வைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்த சென்னியப்பன், மரத்தடிக்கு வந்தார், சாவியைத் திருகினார், அந்தப் பெண்ணை ஏற்றிக்கொண்டு போனார்.

நாலு மணிக்குத் திரும்பி வந்தபோது சிக்கந்தர் நடு ரோட்டில் நின்றுகொண்டிருந்தார்.

"என்னுங்ணா, எதுல போயிட்டு வாரீங்க?"

"இதுலதான் பாய். பொம்பளப் புள்ள பொறந்திருக்குது. வண்டிய என்ன பண்ணுன நீ? சத்தமே இல்லாம வெண்ணெய்ல வழுக்குற மாதிரி போவுது!"

சிக்கந்தர் ஷெட்டுக்குள் கையைக் காட்டினார். அங்கே செயின் பிளாக்கில் இஞ்சின் தொங்கிக்கொண்டிருந்தது, சொட்டுச் சொட்டாக எண்ணெய் வடித்துக்கொண்டு.

சென்னியப்பன் அதைப் பார்த்தார். காரைப் பார்த்தார். மறுபடியும் அதைப் பார்த்தார். "அப்ப இதுக்குள்ளார..." என்று தொடங்கியவரின் வாயைச் சிக்கந்தர் கிரீஸ் கையாலேயே பொத்தி, ஷெட்டுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"மெதுவாப் பேசுங்ணா. நான் அதுகிட்டச் சொல்ல மறந்துட்டேன். அதுக்குத் தெரியாது. அதான் ஓடுது."

எப்படி ஓடுகிறது என்று அதற்கு மேல் அவர்களும் கேட்கவில்லை, ஊரும் கேட்கவில்லை. சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் கிளுவங்காடு முழுவதற்கும் விஷயம் போய்விட்டது. ஒவ்வொரு வீட்டிலும் அதைச் சொன்னவர்கள் ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் சொன்னார்கள்.

மறைப்பதில் அந்த ஊருக்கு முன்பே பழக்கம் இருந்தது. ஏழு வருஷத்துக்கு முன்னால் வேலாத்தாளின் வயிற்றில் இருந்தது புண் அல்ல, வேறு என்று டாக்டர் சென்னியப்பனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவர் ஊர் முழுக்க வாசல் வாசலாகப் போய், அவளுக்குத் தெரிய வேண்டாம், அல்சர் என்றே பேசுங்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொண்டார். எட்டு மாசம் ஊர் ஒரு வார்த்தை தவறவில்லை. வாரா வாரம் முன்சீட்டில் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவளிடம், "இந்த அல்சரு லேசுல போகாது வேலாத்தா, காரத்தைக் கொறைச்சுக்க" என்று எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். அவளும் சிரித்துக்கொண்டே சரி என்றாள். கடைசி வரைக்கும் அவளுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டோம் என்பதுதான் அவள் போன பிறகு சென்னியப்பனுக்கு இருந்த ஒரே ஆறுதல். அதை அவர் ராத்திரி கதவைத் தாழ் போட்டோமா என்று தொட்டுப் பார்க்கிற மாதிரி தினம் ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

ஆகவே ஊர் காருக்கும் அதையே செய்தது. இஞ்சின் என்கிற வார்த்தையைத் தெருவில் யாரும் எடுப்பதில்லை. ஒர்க்‌ஷாப்புக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த சரசக்கா அதற்குப் பதில் பலகாரம் என்று பேர் வைத்தாள். அதனால் பெரிய மனுஷர்களெல்லாம் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "பலகாரம் எங்கியாச்சும் கெடைச்சுதுங்களா?" என்று விசாரித்துப் போனார்கள். பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புக்கு அந்தப் பாடம் வந்தபோது, அறிவியல் வாத்தியார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காரின் காதில் படாத வாய்க்கால் மேட்டுக்குப் போய் நடத்திவிட்டு வந்தார். டீ குடிக்க இறங்கிய வெளியூர் லாரிக்காரர் ஒருவர், "நம்ம வண்டில இஞ்சி..." என்று வாயெடுத்ததும் பெஞ்சில் இருந்த எட்டுப் பேரும் ஒரே சமயத்தில் இருமினார்கள். அவர் பயந்துபோய், தொற்று வியாதி போலிருக்கிறது என்று டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஏறிப் போனார்.

இன்னொரு சங்கடமும் இருந்தது. உள்ளே பாரம் இல்லாததால் கார் முன்பக்கம் தூக்கிக்கொண்டு, வானத்தை மோந்து பார்க்கிற கன்றுக்குட்டி மாதிரி நின்றது. பானெட்டைத் திறந்து மணல் மூட்டை வைக்கலாம் என்றால், திறந்தால் காற்று புகுந்து அதற்கே சந்தேகம் வந்துவிடும். முன்சீட்டில் பாரமான ஆளாக உட்கார வைப்பதுதான் வழி என்று சிக்கந்தர் சொன்னார். ஆனால் அந்த முன்சீட்டில் ஆறு வருஷமாக யாரும் உட்கார்ந்ததில்லை. வேலாத்தாளின் பச்சைத் துண்டு மடித்து வைத்தபடி அங்கே இருந்தது. சென்னியப்பன் ஒருநாள் முழுக்க யோசித்தார். மறுநாள் துண்டை எடுத்துச் சரசக்காவின் கையில் கொடுத்து, "மடியில வெச்சுக்கிட்டு உக்காரு ஆத்தா" என்றார்.

சரசக்கா உட்கார்ந்ததும் கார் பதவிசாக மூக்கைத் தாழ்த்தியது.

"இந்த ஒடம்ப எதுக்குத் தூக்கிட்டுத் திரியறேன்னு இத்தன நாளா எனக்கே தெரியாதுங்ணா" என்றாள் அவள். "இப்பத்தான் தெரியுது."

அன்றிலிருந்து கார் கிளம்பும்போதெல்லாம் அவள் டீக்கடையைச் சாத்திக்கொண்டு ஏறினாள். ஆஸ்பத்திரி வாசலில் நர்சுகளுக்கு அவள் எல்லா நோயாளிக்கும் சொந்தக்காரியாகத் தெரிந்தாள்.

கல்யாண மண்டபத்து மேனேஜர் ஒருவர்தான், "ஓடுதில்ல? அப்படியே உட்டுருங்க, டீசலாச்சும் மிச்சம்" என்று சொன்னார். "நீங்க சோறு திங்காம எத்தன நாளைக்கு நடப்பீங்க?" என்று சரசக்கா கேட்டாள். கார் களைத்து வருவது எல்லோருக்கும் தெரிந்தது. முதல் வாரம் வழுக்கிக்கொண்டு ஏறிய மேட்டில் மூன்றாம் வாரம் மூச்சு வாங்கியது. நிறுத்திய பிறகும் வெகுநேரம் அதன் தகடு வெயிலில் நிற்காமலேயே சூடாக இருந்தது. பூரணமாகக் களைத்துப்போவதற்குள், அல்லது அதற்குத் தெரிந்துபோவதற்குள், ஒரு இஞ்சின் கிடைத்தாக வேண்டும். ஆனி முதல் வாரத்தில் எஃப்.சி. என்கிற தகுதிச் சோதனை வேறு வந்தது, இஞ்சின் நம்பர் இல்லாத வண்டிக்கு யார் சர்டிபிகேட் தருவார்கள்? வண்டி நின்றுபோனால் தான் என்ன ஆவோம் என்று சென்னியப்பன் யோசிக்கவில்லை. அந்த முன்சீட்டைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்றுதான் யோசித்தார்.

இஞ்சின் தேடிக் கோயமுத்தூர் உக்கடத்துக்குப் போனார்கள். அந்தக் காரிலேயேதான் போனார்கள், வேறு வண்டி ஏது? காரைக் குளத்தங்கரையில், தண்ணீரைப் பார்த்த மாதிரி நிறுத்தி, துணைக்குச் சரசக்காவை விட்டுவிட்டு, சென்னியப்பனும் சிக்கந்தரும் நாலு தெரு தள்ளி நடந்து போய்ப் பழைய உதிரிபாகக் கடைகளில் விசாரித்தார்கள். வின்சென்ட் என்கிறவரின் கடையில் நுழைந்ததும் சென்னியப்பன் பழக்க தோஷத்தில், "அம்பாசிடருக்கு நல்ல பலகாரமா ஒண்ணு வேணுமுங்க" என்றார்.

"பேக்கரி எதிர்லங்க" என்றார் வின்சென்ட்.

"இஞ்சினுங்க, டீசல் இஞ்சின்" என்று சிக்கந்தர் திருத்தினார்.

"அப்படிச் சொல்லுங்க. இப்ப வண்டில இருக்கறது என்ன கண்டிஷன்?"

"ஒண்ணும் இல்லீங்க."

"ஒண்ணும் ரிப்பேர் இல்லீனா எதுக்கு மாத்தறீங்க?"

"இல்லீங்க, உள்ள ஒண்ணுமே இல்லீங்க."

"அப்புறம் எப்படி இங்க வந்தீங்க?"

"பொள்ளாச்சி ரோடு வழியாத்தானுங்க" என்றார் சென்னியப்பன்.

வின்சென்ட் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முப்பது வருஷம் பழைய இரும்போடு பழகியவராதலால், சரி என்று எழுந்து இஞ்சின்களைக் காட்டப் போனார்.

சிக்கந்தர் இஞ்சின் பார்ப்பதைப் பார்க்க வேண்டும். முதலில் இஞ்சின் நம்பர் பொறித்த இடத்தைத் துடைத்துப் பார்ப்பார். ராவியிருந்தால் திருட்டு இஞ்சின், தொடவே மாட்டார். பிறகு பாட்டரி கொடுத்து, டீசல் கேனைத் தொங்கவிட்டு ஓட வைத்து, ஆயில் மூடியைத் திறப்பார். அங்கே புகை கிளம்பினால் உள்ளே தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். கடைசியாக ஒரு நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை இஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். ஒன்று புகைத்தது. ஒன்றின் நம்பர் ராவியிருந்தது. ஒன்று எல்லாம் சரியாக இருந்தும், "இது கோவக்காரப் பலகாரம், நம்ம வண்டியோட ஒத்துப் போகாது" என்று தள்ளினார். ஏழு முறை போய் வந்தார்கள். ஏழாவது முறை வின்சென்ட், சூலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருபது வருஷமாக நிற்கிற அம்பாசிடரைப் பற்றிச் சொன்னார். உடம்பு மக்கிக் கோழிகள் அடைகிற கூடாகிவிட்டிருந்தது. ஆனால் அந்த வீட்டு அம்மாள், இறந்துபோன கணவரின் நினைப்பாக வாரம் தவறாமல் கோழிகளை விரட்டிவிட்டு இஞ்சினை ஐந்து நிமிஷம் ஓட வைத்து நிறுத்துவாளாம்.

அங்கே போய்ச் சிக்கந்தர் ஸ்குரூ டிரைவரைக் காதில் வைத்தார். வெகுநேரம் அதைக் காதிலிருந்து எடுக்கவேயில்லை. பிறகு அதைச் சென்னியப்பனின் காதில் வைத்தார். உரலில் மாவு ஆட்டுகிற மாதிரி, அவசரமில்லாமல், ஒரே சீராக ஒரு சத்தம் வந்தது.

"கொண்டு போங்க" என்றாள் அந்த அம்மாள். "ஆனா வாரத்துல ஒருக்காவாச்சும் தூரமா ஓட்டுங்க. இத்தன வருஷம் ஒரே எடத்துல நின்னு ஓடிக்கிட்டிருக்குது பாவம்."

இஞ்சின் பால் வண்டியில், மேலே வாழை இலை போர்த்தி, கிளுவங்காட்டுக்கு வந்தது. மவுண்டிங் ரப்பர், கிளச் பிளேட், ரேடியேட்டர் ஓஸ் எல்லாவற்றையும் தனித்தனியாக, காருக்குச் சந்தேகம் வராதபடி, மஞ்சப் பையில் வாழைப்பழச் சீப்புக்கு அடியில் வைத்துச் சரசக்கா கொண்டுவந்து சேர்த்தாள். எல்லாம் ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் தயாராக இருந்தது.

இனி மாட்ட வேண்டியதுதான். அங்கேதான் எல்லோரும் பின்வாங்கினார்கள். மாட்ட வேண்டுமென்றால் பானெட்டைத் திறக்க வேண்டும். திறந்தால் அதற்குத் தெரிந்துவிடும். தெரிந்த நொடியில் அது போய்விட்டால், போன உடம்பில் எதை மாட்டி என்ன? "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார் சிக்கந்தர். மறுநாளும் அதையே சொன்னார். ஆனால் இஞ்சின் வந்து சேர்ந்த நாளிலிருந்து கார் ஒரு புதுப் பழக்கம் பழகியிருந்தது. சாயங்காலம் திரும்பி வரும்போதெல்லாம் ஒர்க்‌ஷாப் வாசலில் தானாக வேகம் குறைந்து, ஷெட்டைப் பார்த்த மாதிரி ஒரு நிமிஷம் நிற்கும். மோப்பம் பிடித்துவிடுமோ என்று பதறி, சிக்கந்தரின் வீட்டம்மாவுடைய பழைய சேலையை ஷெட் வாசலில் திரையாகக் கட்டினார்கள். அப்போதும் நின்றது.

இப்படி நாளைக்கு நாளைக்கு என்று எஃப்.சி. நாளே வந்துவிட்டது. விளக்கு, பிரேக், ஹாரன் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கையில், முன்சீட்டில் சரசக்காவும் பின்சீட்டில் சிக்கந்தருமாக ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்துக்குப் போனார்கள். செருப்பைக் கழற்றுகிற மூன்று பேரும் பைக்கில் பின்னாலேயே வந்தார்கள். ஆய்வு செய்ய வந்தவர் ஒரு பெண், முகத்தில் ஒளிவு மறைவு இல்லாத, உரத்த குரல்காரர். விளக்கு பார்த்தார். பிரேக் பார்த்தார். மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றிவரச் சொன்னார்.

"நல்லா இருக்குது. பானெட்டத் தொறங்க, நம்பர் பாக்கணும்."

"அம்மிணி, கொஞ்சம் இப்பிடித் தள்ளி வந்தீங்கன்னா ஒரு சங்கதி..." என்று சென்னியப்பன் கெஞ்சினார்.

ஆய்வாளர் கேட்கவில்லை. பானெட்டைத் தானே தூக்கினார். உள்ளே வெறும் பள்ளம். அதன் வழியாகக் கீழே மைதானத்து மண்ணும், ஒரு எறும்பு வரிசையும் தெரிந்தன.

"என்னய்யா இது? இந்தக் காருக்கு இஞ்சினே இல்ல!"

மைதானம் முழுக்கக் கேட்டது. சரசக்கா பச்சைத் துண்டை வாயில் அழுத்திக்கொண்டாள். சிக்கந்தர் கண்ணை மூடிக்கொண்டார். சென்னியப்பன் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தார், விழப்போகிற ஆளைப் பிடிக்கிற மாதிரி.

ஒன்றும் ஆகவில்லை.

கார், எப்போதும் போல, தூங்குகிற ஆள் மூச்சு விடுகிற அளவுக்கு மெல்லிய, காது வைத்தால் மட்டும் கேட்கிற சத்தத்தோடு ஓடிக்கொண்டேயிருந்தது. அதிரவில்லை, திக்கவில்லை, அந்தச் சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு, ஏற்கெனவே கேட்ட செய்தியை இன்னொருவர் வந்து சொல்லும்போது மரியாதைக்குக் கேட்டுக்கொள்கிற ஆளின் அமைதி போல இருந்தது.

ஆய்வு செய்த அம்மாள் பானெட்டை மெதுவாக மூடினார். மூன்று நாள் தருகிறேன், இஞ்சினோடும் அதன் காகிதத்தோடும் வாருங்கள் என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "பாத்து ஓட்டிட்டுப் போங்க" என்றார்.

திரும்பி வரும்போது பாதி வழியில் சரசக்காதான் சொன்னாள்: "அதுக்கு மொதல்லயே தெரியுமாட்ட இருக்குதுங்ணா. நம்ம மனசு நோகக் கூடாதுன்னு தெரியாத மாதிரியே இருந்திருக்குது."

சென்னியப்பன் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் பார்த்தது தன் சமையலறையை. அந்த எட்டு மாசத்தில் வேலாத்தாள் திடீரென்று சோம்பேறியாகிவிட்டிருந்தாள். அடுப்பங்கரையில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "ஏனுங்க, எனக்குக் கை நோகுது, இன்னைக்கு ரசம் நீங்க வெய்ங்க, நாஞ் சொல்லச் சொல்லச் செய்ங்க" என்பாள். ஒரு வாரம் ரசம், ஒரு வாரம் கொள்ளுப் பருப்பு, ஒரு வாரம் அரிசிம்பருப்புச் சோறு. உப்பு கூடினால் திட்டுவாள், மறுநாளும் அதையே செய்யச் சொல்வாள், சரியாக வருகிறவரைக்கும் விடமாட்டாள். அவளுக்கு ஒன்றும் தெரியாததால்தான் இப்படி உட்கார்ந்து அதிகாரம் பண்ணுகிறாள் என்று அவர் அப்போது சிக்கந்தரிடம் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டார். இந்த ஆறு வருஷமும் அந்தச் சோற்றைத்தான் அவர் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஒர்க்‌ஷாப் வாசலில் கார் வேகம் குறைந்தது. இந்த முறை நின்று பார்க்கவில்லை. யாரும் திருப்பாமலே திரும்பி, சேலைத் திரையை மூக்கால் ஒதுக்கிக்கொண்டு உள்ளே போய், தார்ப்பாய் மூடிய அந்த இஞ்சினுக்கு முன்னால் நின்றது. பானெட்டின் கொக்கி டக்கென்று தானாக விடுபட்டது. நாற்பத்தோரு நாளாக ஓடிக்கொண்டிருந்த அந்த மெல்லிய சத்தம் நின்றது.

சிக்கந்தர் இறங்கி, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, பானெட்டை மூன்று முறை தட்டினார். சொல்ல வேண்டியதைச் சொல்ல வாயைத் திறந்தார்.

"நீ உடு பாய்" என்றார் சென்னியப்பன். அவர் இன்னும் டிரைவர் சீட்டிலேயே இருந்தார். சரசக்கா இறங்கும்போது பச்சைத் துண்டை மடித்து முன்சீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். அவர் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருக்கிறவரிடம் கேட்கிற மாதிரி மெதுவாகக் கேட்டார்:

"எல்லாந் தெரிஞ்சேதான் இருந்தியா?"

யாரைக் கேட்கிறார் என்று சிக்கந்தர் கேட்கவில்லை. செயின் பிளாக்கை இழுக்க ஆரம்பித்தார்.